னகரம்தானே கடைசி எழுத்து?

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுத்தேன். ஊர் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய நூலகம். இரண்டு அறைகள், நான்கு இரும்பு அலமாரிகள், ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். நீளமான நோட்டில் கையால் எழுதி வைத்திருந்ததைக் கணினியில் ஏற்றி, தலைப்புகளை அகரவரிசைப்படுத்தி, அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பகர வரிசையைத் திருப்பினார். விரலை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏன் தம்பி, பனை எப்படிப் பம்பரத்துக்கு முன்னால் வந்தது? னகரம்தானே கடைசி எழுத்து?"

குனிந்து பார்த்தேன். பனை, பம்பரம், பயணம், பறவை என்ற வரிசையில் தலைப்புகள் நின்றன. பம்பரம், பயணம், பறவை, பனை என்று நின்றிருக்க வேண்டும். அதற்கும் மேலே, படகு என்று தொடங்கிய தலைப்பு பட்டத்துக்கு முன்னால் இருந்தது. ஒற்று முதலில், அகரம் ஏறிய மெய் பிறகு என்பது எந்தத் தமிழ் அகராதியைத் திறந்தாலும் தெரியும். "அது கம்ப்யூட்டர் போட்ட வரிசை, ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. கணினிக்கு என்று ஒரு வரிசை கிடையாது. வரிசைப்படுத்து என்று கட்டளையிட்டது நான். எந்த மொழியின் வரிசை என்று அதற்குச் சொல்லாமல் விட்டதும் நான்தான்.

திருச்சியில் பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். இத்தனை நாளில் எனக்குள் உறுதிப்பட்டுவிட்ட கருத்து இது: தமிழ் படிக்கத் தெரிந்தவர் எதை ஓர் எழுத்து என்று எண்ணுகிறாரோ, அதைத்தான் மென்பொருளும் ஓர் எழுத்து என்று எண்ண வேண்டும். அவர் எந்த வரிசையில் அடுக்குகிறாரோ, அந்த வரிசையில்தான் அடுக்க வேண்டும். இதற்கான கருவிகளெல்லாம் இன்று இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தாமல் இருப்பது நிரல் எழுதுகிற எங்களுடைய குறை.

பனை ஏன் முந்தியது என்பதற்குக் காரணம் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான பொதுத் தரம் யூனிகோடு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் குறியெண். தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்த இடங்களை அமைத்தபோது, இந்திய எழுத்துமுறைகளுக்காக ஏற்கெனவே உருவாகியிருந்த இஸ்கி தரத்தின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றினார்கள். இந்திய மொழிகள் பலவற்றை ஒரே சட்டத்தில் பொருத்தும் ஏற்பாடு அது. தேவநாகரியில் ககரத்துக்கு அடுத்து இன்னும் மூன்று ஒலிகளுக்கு எழுத்து உண்டு, நமக்கு இல்லை. எனவே தமிழ்ப் பகுதியில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடங்கள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன. தேவநாகரியில் நம்முடைய ன, ற, ழ ஆகியவற்றை எழுதிக்காட்டுவதற்கென்று அடியில் புள்ளியிட்ட எழுத்துகள் உண்டு. அவை அங்கே எந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருந்தனவோ, அதே இடங்களில் இங்கேயும் நம் எழுத்துகள் போய் அமர்ந்தன. னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ழகரம் ளகரத்துக்குப் பக்கத்தில். தொல்காப்பியம் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்த வரிசை இப்படித்தான் கலைந்தது.

இதைக் கேட்டதும் கோபப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் முழுதாகச் சேர முடியவில்லை. ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். அவர்களின் பெரிய எழுத்துகள் இருபத்தாறும் முடிந்த பிறகுதான் சிறிய எழுத்துகள் தொடங்குகின்றன. வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் அவர்களுடைய பெயர்ப்பட்டியலும் குழம்பும். அதனால்தான் ஒவ்வொரு மொழிக்கும் அகரவரிசை அட்டவணை தனியாக வைத்திருக்கிறார்கள். தமிழுக்கும் இருக்கிறது. நூலகப் பட்டியலைச் சரிசெய்ய நான் மாற்றியது ஒரே வரி. ஒப்பிடும்போது தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று சொல்வதுதான் அந்த வரி. ஒரு தமிழாசிரியர் விரல் வைத்துக் காட்டும்வரை எனக்கு அது தோன்றவில்லை என்பது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

வரிசை பிசகினால் தேடுகிறவர் கொஞ்சம் அலைவார். எண்ணிக்கை பிசகினால் நடப்பது அதைவிட மோசம்.

என் அத்தையின் பெயர் முத்துலட்சுமி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே ஊர் ஊராக வந்தபோது, பகலெல்லாம் வயல் வேலை பார்த்துவிட்டு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். முதன்முதலில் எழுதப் பழகியது தன் பெயரை. இன்றும் கையெழுத்துப் போடும்போது ஒவ்வோர் எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவார். கடைசி 'மி'யின் மேல்விலங்கைச் சற்றுப் பெரிதாக வளைத்து முடிப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அவருக்கு அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் 'முத்துலட்சும' என்று அச்சாகியிருந்தது.

அத்தை அட்டையைக் கையில் வாங்கி அங்கேயே நின்று படித்திருக்கிறார். "என் பெயர் முடியவில்லையே" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதம்மா, நம்பர் சரியாக இருக்கிறது பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒரு நாள் பஸ் ஏறிப் போய்க் கேட்டார். கணினியில் முழுப் பெயரும்தான் இருக்கிறது, அச்சில் அப்படித்தான் வரும் என்றார்கள். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. "நான் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன்" என்றார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை.

அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். மு, த், து, ல, ட், சு, மி. ஏழு எழுத்து. கணினியின் சேமிப்பில் இதே பெயர் பதின்மூன்று குறியெண்கள்: மகரம் ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று, தகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று போய், பதின்மூன்றாவதாக அந்த மேல்விலங்கு. அச்சிடும் நிரலில் யாரோ பன்னிரண்டு என்று எல்லை வைத்திருக்கிறார். பன்னிரண்டு எழுத்து ஒரு பெயருக்குப் போதாதா என்று நினைத்திருப்பார். ஏழே எழுத்துள்ள பெயர் அதற்குள் அடங்கவில்லை.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று எழுத்து என்று சொல்லும். பைத்தான் என்ற நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் ஐந்து என்கிறது. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். ஸ்விஃப்ட் மொழியோ குழந்தையோடு சேர்ந்துகொண்டு மூன்று என்கிறது, ஏனென்றால் அதை வடிவமைத்தவர்கள் எழுத்து என்பதைப் படிப்பவரின் கண்ணிலிருந்து வரையறுத்தார்கள். எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் நிரல் எழுதச் சொல்வேன். எல்லாரும் கல்லூரியில் எழுதியதுதான். இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். பிறகு 'தமிழ்' என்று கொடுத்து ஓட்டச் சொல்வேன். 'ழ்மித' என்று வர வேண்டியது, முதலில் ஆளில்லாத ஒரு புள்ளி, பிறகு 'ழி', 'ம', 'த' என்று வந்து நிற்கும். மகரத்தின் இகரம் ழகரத்தின் தலையில் ஏறியிருக்கும். திரையைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். தங்கள் மொழியை நிரலுக்குள் அதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை.

படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் குறியெண்களின் கூட்டத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதற்கு யூனிகோடு அமைப்பே விதி எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆவணத்தின் எடுத்துக்காட்டு அட்டவணையில் நம்முடைய 'நி'யும் இருக்கிறது. உலாவிகளில் இந்த விதிப்படி எழுத்துகளைப் பிரிக்கும் வசதி 2024-க்குள் எல்லா முக்கிய உலாவிகளுக்கும் வந்துவிட்டது. பைத்தானுக்கு 'ஓப்பன் தமிழ்' என்ற நிரலகத்தைத் தமிழர்களே இலவசமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ('க்ஷ' ஓர் எழுத்தா இரண்டா என்பதில் யூனிகோடின் விதிக்கும் நம் பள்ளிக்கூடத்துக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை, அது தனிக் கதை.)

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களில் இந்தச் சிக்கலை முதலில் எல்லாருக்கும் புரியவைத்தது எமோஜிதான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று ஒரே படமாகத் தெரியும் குடும்ப எமோஜி உள்ளே ஏழு குறியெண்களின் கோவை. அதை நடுவில் வெட்டினால் குடும்பம் பிரிந்து தனித்தனி ஆளாக நிற்கும். அது வாடிக்கையாளரின் திரையில் தெரிந்த அன்று, மாலைக்குள் திருத்தம் எழுதினோம். அதே நிரல் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பெயர்களை வெட்டிக்கொண்டிருந்தது. அத்தைக்கு அட்டை அச்சிட்ட நிரலும் இப்படி ஒரு மாலைப்பொழுது வேலையில் திருந்தியிருக்கும்.

இந்த எண்ணிக்கைக்கு நாம் கொடுத்த விலை இன்னொரு பக்கமும் தெரிகிறது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் குறுஞ்செய்திதான் எல்லாம். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்தியில் 160 எழுத்து போகும். தமிழில் அடித்தால் 70 குறியெண்தான். 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று அடித்தாலே இருபத்திரண்டு போய்விடும், நம் கணக்கில் அது பன்னிரண்டே எழுத்து. அதுவும் பண்டிகை நாட்களில் சலுகைக் கட்டணம் செல்லாது. பல கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எனவே ஒரு தலைமுறை முழுக்கத் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியது. அந்தப் பழக்கத்தை இளைஞர்களின் சோம்பல் என்று மேடையில் திட்டுபவர்களைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காசும் இல்லாமல், எழுத்துருவும் இல்லாமல், தங்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. வழி அடைபட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் நடந்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

அதற்கும் முன்பு இருந்த நிலையை நினைத்தால் யூனிகோடு எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும். 2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் ஒரு தமிழ்த் தளத்தைப் படிக்க வேண்டுமானால் அந்தத் தளத்தின் எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். அடுத்த தளத்துக்கு அடுத்த எழுத்துரு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் குறியீட்டு முறையும் ஆளுக்கொன்று. பாமினி ஒரு பக்கம், திஸ்கி ஒரு பக்கம், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். பாமினியில் அடித்த கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். அந்த அரைப்புள்ளிகள்தான் நம் ஒற்றெழுத்துகளின் புள்ளிகள். அப்படிப்பட்ட காலத்தில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, உலகெங்கும் இருந்த தமிழர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றிய கு. கல்யாணசுந்தரம், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் தமிழ் இணையத்துக்கு அடித்தளமிட்ட நா. கோவிந்தசாமி போன்றவர்களை நினைத்தால் கை குவிக்கத் தோன்றுகிறது. ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மாற்றிகளை இரவெல்லாம் விழித்து எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கலாமே என்ற வாதமும் நெடுநாள் நடந்தது. இலக்கணப்படி 'க்' என்பதுதான் அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. யூனிகோடில் தலைகீழ்: 'க' அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் 'க்'. இது தமிழ் படித்தவருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையை 2010-ல் தமிழக அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஊரெங்கும் இருக்கும் கைபேசிகளில் தமிழைக் கொண்டுவந்தது யூனிகோடுதான். என் அத்தை பேத்திக்குத் தமிழிலேயே செய்தி அனுப்புகிறார். அதை இழக்கும் எந்த மாற்றத்தையும் நான் கேட்க மாட்டேன். உள்ளே எப்படி வைத்திருந்தாலும், வெளியே காட்டும்போதும் எண்ணும்போதும் வெட்டும்போதும் தமிழாக நடத்தினால் போதும்.

பேக்ஸ்பேஸ் விசையைப் பற்றியும் சிலர் குறை சொல்வார்கள்: 'கோ' என்று அடித்துவிட்டு ஒரு முறை தட்டினால் 'க' மிச்சம் நிற்கிறதே என்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. கொம்பை மாற்ற ககரத்தையும் சேர்த்து அழிக்க வேண்டியதில்லை.

புதிய கருவிகளிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக்கிப் படிக்கின்றன. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். 2024-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய துண்டாக்கும் முறையை அறிவித்தபோது கொடுத்த எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாகிய தமிழ் உரை 35 துண்டாகக் குறைந்திருந்தது. அவ்வளவு நாளும் நாம் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்றுதான் நான் அதைப் படித்தேன். ஆனால் யாரோ உட்கார்ந்து கவனித்தார்கள், குறைந்தது. கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் நடந்தது சாட்சி. தெலுங்கின் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தாலே ஐஃபோன்களில் செயலிகள் செத்து விழுந்தன. கோடிக்கணக்கானவர்கள் தினமும் எழுதும் மொழியின் எழுத்து அது. வெளியிடும் முன் ஒரு தெலுங்குக்காரர் கையில் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

நூலகத்துக்குத் திரும்புகிறேன். வரிசையைத் திருத்தி, மறுபடி அச்செடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். ஐயா பகர வரிசையைத்தான் முதலில் எடுத்தார். பட்டம், படகு, பம்பரம், பயணம், பறவை, பனை. "இப்போது சரி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் பக்கங்களைத் திருப்பி, பட்டியலின் பின்பகுதியில் இருந்த ஆசிரியர் பெயர் வரிசைக்குப் போனார். ஒகர வரிசையில் விரல் நின்றது.

"ஔவையார் இங்கே எதற்கு வந்தார்?"

அடுத்த பக்கத்தில் ஔகார வரிசையிலும் ஔவையார் இருந்தார். அங்கே மூன்று புத்தகங்கள், இங்கே இரண்டு. தாளில் இரண்டு பெயரும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த பிள்ளைகளில் ஒருவர் 'ஔ' அடித்திருக்கிறார். இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருக்கிறார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதை அகரவரிசை அட்டவணை திருத்தாது. 'கெள' என்று அடித்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'கௌ' ஆக்கவும் முடியாது. கௌதமன் சரியாவார், கெளுத்தி மீன் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலானவை பிடிபடும். மிச்சத்தை ஆள் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

ஐயா பென்சிலை எடுத்து அந்த இரண்டு புத்தகங்களையும் சுழித்தார். பிறகு தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். அவர் அகர வரிசையிலிருந்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கத் தொடங்கினார்.